காக்டெயிலுக்கு விதைத் தீனி மட்டும் போதுமா? பெல்லட்டுக்கு மாற்றுவது எப்படி?

மாடித்தோட்டம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் ஆண் காக்டெயில் (கொண்டை வைத்த சிறு கிளி வகை) இருக்கிறான், வயது ஒன்றரை. கடையில் லூஸாகக் கிடைக்கும் கலவைதான் தீனி: தினை, பனிவரகு, கொஞ்சம் கம்பு, சூரியகாந்தி விதை. கிண்ணத்தில் முதலில் தீர்வது சூரியகாந்திதான். கேரட் துண்டு வைத்தால் கொண்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறான். பெல்லட் (சத்துகள் சேர்த்து அரைத்து, சிறு உருண்டையாக்கிய பறவைத் தீனி) வாங்கி விதையோடு பாதிக்குப் பாதி கலந்து வைத்தால், விதையைப் பொறுக்கிவிட்டு பெல்லட்டை எல்லாம் கீழே தள்ளிவிடுகிறான். ஆனால் அம்மா கையில் தயிர் சாதம், மிக்சர், பிஸ்கட் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறான்.

சமையலறைத் தராசில் எடை 104 கிராம். கடைக்காரர் கொடுத்த மல்டிவைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கிறோம், அதனால் விதை மட்டும் தின்றாலும் பரவாயில்லை என்கிறார். சரியா? பெல்லட்டுக்கு மாற்ற, பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

கொண்டைக்காரன்

பட்டினி மட்டும் வேண்டாம் சகோ. 100 கிராம் பறவைக்கு உடம்பில் இருப்பு ரொம்பக் குறைவு. பெல்லட்டைத் தீனி என்றே அதற்குத் தெரியாதபோது, பசித்தாலும் தொடாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் முழுக்க வயிறு காலியாக இருந்தாலே காக்டெயில் ஆபத்தான நிலைக்குப் போகும். ஏற்கெனவே சூரியகாந்தி தின்று கல்லீரலில் கொழுப்பு சேர்ந்த பறவை என்றால் இன்னும் மோசம்.

முதலில் விதையில் என்ன குறை என்று பார்த்துவிடலாம். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கால்சியத்தைப் போல எட்டு மடங்கு பாஸ்பரஸ். தினை, பனிவரகு அப்படியில்லை, கொழுப்பு குறைவுதான். ஆனால் எந்தச் சிறுதானியத்திலும் வைட்டமின் ஏ பெயருக்குக்கூட இல்லை, கால்சியமும் போதாது (கேழ்வரகு மட்டும் விதிவிலக்கு, 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, கலவையில் தாராளமாகச் சேருங்கள்). ஆகவே "சூரியகாந்தியை நிறுத்திவிட்டேன், சிறுதானியம் மட்டும் போடுகிறேன்" என்பது பாதித் தீர்வுதான். வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாயின் உள்தோல் தடித்துக் கெட்டியாகும். வாய்க்குள் வெள்ளைத் திட்டு, மூக்கில் ஒழுக்கு, அடிக்கடி தும்மல் என்று வரும். பலர் அதைச் சளி என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

சொட்டு மருந்து: தண்ணீரில் கலந்த வைட்டமின் வெளிச்சம் பட்டுச் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும், சர்க்கரை சேர்ந்ததென்றால் கிண்ணத்தில் பாக்டீரியா வளரும், சுவை மாறியதால் பறவை தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். காக்டெயில் உள்நாட்டு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை, இயல்பிலேயே கொஞ்சமாகத்தான் குடிக்கும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பெல்லட் தின்ன ஆரம்பித்த பிறகும் சொட்டு மருந்தைத் தொடர்வது இன்னொரு தவறு. வைட்டமின் ஏ, டி3 இரண்டும் கூடினாலும் நஞ்சு.

இனி மாற்றும் முறை. ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்தது பலிக்காததற்குக் காரணம் எளிது: விதை கண்ணெதிரே இருக்கும்வரை வேறெதையும் கிளி சோதித்துப் பார்க்காது. இடத்தைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரியுங்கள்.

ஆரம்பிக்கும் முன் 3 நாள் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன் எடை பாருங்கள். சராசரியைக் குறித்து வையுங்கள். தராசு 1 கிராம் வரை காட்ட வேண்டும். 104 என்பது காக்டெயிலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பெரும்பாலானவை 80 முதல் 100 வரை. எண்ணை மட்டும் நம்பாதீர்கள், மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டு, இருபுறமும் சதை உருண்டு இருந்தால் சரி. விளிம்பே தெரியாமல் பள்ளமாக இருந்தால் கொழுப்பு. கத்தி முனை போல நீட்டிக்கொண்டிருந்தால் இளைப்பு, அந்த நிலையில் தீனி மாற்றமே ஆரம்பிக்கக்கூடாது.

காக்டெயில் ஒரு நாளைக்குத் தின்பது 10 முதல் 15 கிராம், அதாவது சுமார் இரண்டரை டீஸ்பூன் விதை. முதல் வாரம் விதையைக் குறைக்கவே வேண்டாம். விடிந்ததும் பெல்லட்டும் காய்கறியும் மட்டும் வையுங்கள், அதிகபட்சம் 2 மணி நேரம். பசி நன்றாக இருக்கும் நேரம் அது. பிறகு அதை எடுத்துவிட்டு வழக்கமான விதையில் பாதி. பகலில் பெல்லட் கிண்ணம் மட்டும் கூண்டில் இருக்கட்டும். மாலை 5 மணிவாக்கில் மீதிப் பாதி விதை. வயிறு நிறைந்துதான் தூங்கப் போக வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து, பெல்லட்டைக் கடித்துத் தூளாக்கிய தடயம் தெரிந்தால் மட்டும், வாரத்துக்குக் கால் டீஸ்பூன் விதை குறையுங்கள். 6 முதல் 8 வாரம் ஆகலாம். சில பறவைக்கு இன்னும் கூட. எடை 5 சதவீதம் இறங்கினால் (உங்கள் பறவைக்கு 5 கிராம்) அந்த வாரத்து அளவிலேயே நில்லுங்கள். 10 சதவீதம் இறங்கினால் முழு விதைக்குத் திரும்பிவிடுங்கள். விதை கொடுத்தும் மறுநாள் எடை ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

தொடவே மாட்டேன் என்கிற பறவைக்குச் சில வழி: பெல்லட்டை மிக்சியில் தூளாக்கி, விதையை லேசாக ஈரப்படுத்தி அதில் புரட்டி வையுங்கள், உமி உரிக்கும்போது நாக்கில் சுவை படும். ஈரமானதால் 2 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அடுத்தது, கிண்ணத்தை விட்டுத் தட்டில் போட்டுத் தரையில் வையுங்கள். காட்டில் காக்டெயில் தரையில் மேயும் பறவை, உயரத்தில் மறுப்பதைத் தரையில் கொத்தும். அம்மா கையில் எதையும் சாப்பிடுகிறான் என்றீர்களே, அதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய வசதி. மிக்சருக்குப் பதில் அதே கையில் பெல்லட் இருக்கட்டும். முதலில் அம்மா வாயசைத்துச் சாப்பிடுவது போல நடிக்க வேண்டும், பிறகு நீட்ட வேண்டும்.

பெல்லட் அளவு சிறியதாக, காக்டெயிலுக்கானதாக வாங்குங்கள். பெரிய கிளிக்கான உருண்டையை இது கடிக்காது, வீண். கலர் கலராக இருப்பதைவிட நிறமில்லாதது நல்லது. அப்போதுதான் எச்சத்தின் நிறத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியும்.

இறுதியில் எவ்வளவு? காக்டெயிலுக்கு நான் சொல்வது பெல்லட் பாதிக்குக் கொஞ்சம் மேல், விதை கால் பங்கு, மீதி காய், கீரை. அமேசான், ஆப்பிரிக்கன் கிரே போன்ற பெரிய கிளி வகைக்கு விதை இதைவிடக் குறைய வேண்டும். நூறு சதவீதம் பெல்லட் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை, இது அடிப்படையில் புல்விதை தின்னும் பறவை.

கீரைக்கட்டு

மேலே சொன்னது எல்லாம் சரி. காய்கறிப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து கேல், ப்ராக்கோலி தேடிக் காசைக் கரைப்பவர்கள் நிறைய. நம் சந்தையில் அதைவிட நல்லது இருக்கிறது.

வைட்டமின் ஏ-வுக்கு ஆரஞ்சு நிறக் காயும் கரும்பச்சைக் கீரையும். பரங்கிக்காய், கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி (ஆரஞ்சு நிறக் கிழங்கு கிடைத்தால் அதுவே), சிவப்புக் குடைமிளகாய், முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. இவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். தேவைப்படும் அளவு மட்டும் உடல் அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும், மருந்து போல மிஞ்சிப் போகும் பயம் இல்லை.

ஒரு பறவைக்கு ஒரு நாள் அளவு: துருவிய கேரட் அரை டீஸ்பூன், அரைப்பதமாக வெந்து மசித்த பரங்கி அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கிய கீரை 1 டீஸ்பூன், பச்சை மிளகாயோ குடைமிளகாயோ விதையோடு சிறு துண்டு. மிளகாய்க் காரம் பறவை நாக்குக்கு உறைக்காது, பயப்பட வேண்டாம். கொடுத்த பிறகு உங்கள் கையைக் கழுவுங்கள். நறுக்கும் அளவு முக்கியம். துண்டாக வைத்தால் பயப்படும் பறவை, தினை அளவுக்குப் பொடித்து, மேலே நாலு தினையைத் தூவி வைத்தால் கொத்திப் பார்க்கும். கொத்தும்போது காயும் சேர்ந்து வாய்க்குள் போகும். பத்து முறை மறுத்தால் பதினோராவது முறையும் வைக்க வேண்டும், அதில் குறுக்கு வழி இல்லை.

முருங்கைக் கொத்தை நன்றாக அலசி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டில் தலைகீழாகக் கட்டுங்கள். ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்க வந்து, அப்படியே கடிக்கப் பழகும். வீட்டு முருங்கையில் பூச்சிமருந்து இல்லை என்பது கூடுதல் லாபம். ஆனால் கம்பளிப்பூச்சி சீசனில் ஒவ்வோர் இணுக்காகப் பார்த்துவிடுங்கள். கடையில் வாங்கும் கீரையும் கறிவேப்பிலையும் அதிகம் மருந்தடிப்பவை. நிறையத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை: பாலக்கீரையில் ஆக்சலேட் அதிகம் என்பது பலருக்குத் தெரியும். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம், அவற்றிலும் ஆக்சலேட் கணிசமாக உண்டு, கால்சியத்தைக் கட்டிவிடும். தினமும் ஒரே கீரை வேண்டாம். வாரத்தில் 4 நாள் முருங்கை, வெந்தயம், கொத்தமல்லி. மற்ற நாளில் அரைக்கீரை, சிறுகீரை வகை.

பழம் இனிப்புப் பண்டம் மாதிரிதான், வாரம் மூன்று முறை, சுண்டுவிரல் நக அளவு போதும். கொய்யா, பப்பாளி, மாதுளை நல்லது. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டு.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ (வெண்ணெய்ப் பழம்), அதில் உள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவையின் இதயத்தைத் தாக்கும், சிறு துண்டே போதும். சாக்லேட், காபி, டீ, மது. வெங்காயம், பூண்டு. பச்சையான மரவள்ளிக்கிழங்கு. வேகாத காய்ந்த ராஜ்மா, மொச்சை. ராஜ்மா, மொச்சை இரண்டையும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்க வேகவைத்தால் மட்டுமே. வேர்க்கடலையைப் பலர் ஆசையாகக் கொடுக்கிறார்கள். அதில் வளரும் பூஞ்சையின் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அவித்தாலும் அது போகாது.

அம்மாவின் மிக்சருக்கு ஒரு கணக்கு: 100 கிராம் பறவை 1 கிராம் மிக்சர் தின்பது, 60 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 600 கிராம் தின்பதற்குச் சமம், உப்பும் எண்ணெயும் சேர்த்து. தயிர் சாதம் அவ்வளவு மோசமில்லை, தயிரில் லாக்டோஸ் குறைவு. ஆனால் உப்பு இருக்கிறது, அதைத் தின்றால் வேறெதுவும் தின்னாது. உப்பில்லாமல் வெந்த வெறும் சோறு நாலு பருக்கை வேண்டுமானால் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பு: வாயில் மென்றதைக் கொடுக்கக்கூடாது. நம் எச்சிலில் சாதாரணமாக இருக்கும் கிருமிகள் பறவைக்குத் தொற்றாகும்.

கொண்டைக்காரன்

நல்ல பதிவு. கால்சியம் விட்டுப்போனது. கணவாய் ஓடு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைக்கும், பொடியில்லாமல் முழுசாக வாங்குங்கள். கடற்கரையில் பொறுக்கியது என்றால் சில நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்த பிறகுதான். மணல், கிரிட் (பொடிக்கல்) போடும் பழக்கம் தேவையில்லை. புறாவும் கோழியும் விதையை உமியோடு விழுங்கும், அவற்றுக்கு அரைவைப்பையில் கல் வேண்டும். கிளி இனம் உமியை உரித்துத்தான் விழுங்கும்.

கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் புறஊதா பி கதிர் வராது, அது கணக்கில் இல்லை. காலை வெயிலில் 15, 20 நிமிடம், கூண்டின் பாதிக்கு நிழல் இருக்கும்படி வையுங்கள். பூனை, காக்கை பக்கத்தில் வரும், கூடவே ஆள் இருக்க வேண்டும்.

பனிவரகு

விதை வாங்குவது பற்றி யாரும் பேசவில்லையே. கடை மூட்டையில் பல மாதம் கிடந்த விதையில் வண்டு, நூலாம்படை, மக்கல் வாசனை இருந்தால் வாங்காதீர்கள். சோதனை செய்வது சுலபம்: 20 விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் மூன்று, நாலு நாளில் பாதிக்கு மேல் முளைக்க வேண்டும். முளைக்காதது செத்த விதை. மளிகைக் கடையில் "தினை அரிசி" என்று விற்பது உமி நீக்கியது, அது முளைக்காது. பறவைக்கு உமியோடு உள்ளதைக் கேளுங்கள். விவசாயக் கடையில் விதைப்புக்கு வைத்திருக்கும் விதையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாங்கக்கூடாது, விதைநேர்த்தி செய்தது, பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கும். சில சமயம் இளஞ்சிவப்பு நிறம் தெரியும், சில சமயம் தெரியாது.

வாங்கியதை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பூச்சி முட்டை செத்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள்.

முளைகட்டிய தினை, பச்சைப்பயறு இரண்டும் விதையிலிருந்து காய்கறிக்குப் போகும் பாலம். இரவு 8 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் போட்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அலசுங்கள். பயறில் வால் நுனி எட்டிப் பார்த்ததும் கொடுத்துவிடலாம். நம் வெக்கைக்கு ஒரு நாள் போதும். வழுவழுப்போ புளித்த வாடையோ இருந்தால் மொத்தமும் குப்பைக்கு. முளைப்பயறு, நறுக்கிய காய், சோறு எதுவானாலும் கோடையில் கூண்டுக்குள் 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

கிண்ணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கும், நிறைந்த மாதிரியே தெரியும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்லாமல் போவதால் பறவை பட்டினியில் செத்ததுண்டு. தினமும் ஊதிப் பாருங்கள்.

மாடித்தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி நேரம் பிரித்து ஆரம்பித்தாயிற்று. தூளாக்கிப் புரட்டியதைத் தின்கிறான். எடை 102. ஆனால் எச்சம் பழுப்பாகி, தண்ணீரும் அதிகமாகத் தெரிகிறது. வயிற்றுப்போக்கா? பெல்லட்டை நிறுத்தட்டுமா? இன்னொன்று, பக்கத்து வீட்டில் பச்சைக்கிளி வைத்திருக்கிறார்கள். அதற்கும் இதே தீனி சொல்லலாமா?

கொண்டைக்காரன்

நிறுத்த வேண்டாம். எச்சத்தில் மூன்று பாகம் உண்டு: திடமான மலம், வெள்ளை யூரேட் (சிறுநீரின் கெட்டிப் பாகம்), தெளிந்த நீர். விதை தின்னும்போது மலம் பச்சையாக இருக்கும், பெல்லட் தின்றால் அதன் நிறத்துக்குப் பழுப்பாகும். அதாவது உள்ளே போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. காய்கறி தின்ற பிறகு நீர் பாகம் கூடுவதும் இயல்பு. மலம் புழு வடிவில் உருவாக இருக்கும்வரை அது பேதி இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. எண்ணிக்கை குறைந்து, மலம் சிறுத்து, கரும்பச்சையாகவோ கருப்பாகவோ போனால் பறவை தின்னவில்லை. வெள்ளைப் பாகம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரல் சந்தேகம். முழு விதை எச்சத்தில் வந்தால், விழுங்கியது தொடர்ந்து வாந்தியாக வெளிவந்து தலை இறகில் ஒட்டியிருந்தால், பகலில் இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் அன்றே காட்டுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. போகும்போது எடைக் குறிப்பும், கூண்டின் அடியில் விரித்த அன்றைய வெள்ளைத் தாளும் எடுத்துப் போங்கள். பத்திரிகைத் தாளில் நிறம் சரியாகத் தெரியாது.

பச்சைக்கிளி விஷயம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகள் எதையும் வீட்டில் வளர்க்கக்கூடாது. கடையில் வாங்கியது, கூட்டிலிருந்து விழுந்தது என்ற காரணம் எடுபடாது. கூண்டைத் திறந்து பறக்கவிடச் சொல்லாதீர்கள், கையால் தின்று வளர்ந்த கிளிக்கு வெளியே இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. காக்டெயில் வெளிநாட்டினம், சைட்டீஸ் (அழிவு ஆபத்திலுள்ள உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலிலும் இல்லை. அதே கடையில் விற்கும் சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே கிளிகள் அப்படியல்ல. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த 2024 விதிகளின்படி அவற்றை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அடுத்த பறவை வாங்கும் யோசனை இருந்தால் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

கீரைக்கட்டு

தீனி இல்லை என்றாலும் இதையும் சேர்த்துவிடுகிறேன். கூண்டு சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தால் நான்ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். மிஞ்சிச் சூடாகும் பூச்சிலிருந்து வரும் புகை நமக்கு மணமே தெரியாது, பறவையை நிமிடங்களில் கொல்லும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் கொசுவர்த்தியும் அந்த அறையில் வேண்டாம்.

பனிவரகு

102-க்குக் கீழே போகாமல் ஒரு வாரம் நின்றால் மட்டும் அடுத்த கால் டீஸ்பூனைக் குறையுங்கள். சூரியகாந்தியை மொத்தமாகக் கலவையிலிருந்து எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். நாளைக்கு 4, 5 விதை, அதுவும் தோளில் வந்து உட்கார்ந்தாலோ கூண்டுக்குத் தானாகத் திரும்பினாலோ கையில் கொடுக்கும் கூலியாக மட்டும்.